'ப்ளீஸ்' போட்டும் ஏன் முகம் சுளிக்கிறாங்க? இங்கிலாந்து கிளம்பும் நர்ஸுகளைத் தடுமாற வைக்கும் 'மரியாதை' இங்கிலீஷ்!

"உட்காருங்க பாட்டி. கையைக் குடுங்க, பி.பி. பார்த்துடலாம். சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே ஏத்திக்கோங்க."

மதுரையிலோ நாகர்கோவிலிலோ ஓர் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் இப்படிச் சொன்னால் எந்தப் பாட்டியும் கோபித்துக்கொள்ள மாட்டார். 'தங்கமான பொண்ணு' என்று பக்கத்து பெட்காரரிடம் சொல்லவும் செய்வார். அதே நர்ஸ், அதே வாக்கியங்களை, அதே அன்போடு இங்கிலாந்தில் ஒரு வார்டில் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். "சிட் டௌன். கிவ் மீ யுவர் ஹேண்ட். ரோல் அப் யுவர் ஸ்லீவ்." இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. பாட்டியும் மறுபேச்சு இல்லாமல் கையை நீட்டுவார். ஆனால் சாயங்காலம் பார்க்க வரும் மகளிடம், "புதுசா வந்திருக்கிற நர்ஸ் கொஞ்சம் கடுகடுன்னு இருக்கா" என்று சொல்லக்கூடும்.

அந்த நர்ஸுக்கு இது காதில் விழுந்தால் எப்படி இருக்கும்? நிலத்தை அடமானம் வைத்து, பரீட்சை எழுதி, பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனவராக இருப்பார். 'நான் என்ன தப்பா சொன்னேன்?' என்று ராத்திரி முழுக்க யோசித்தாலும் பதில் கிடைக்காது. ஏனென்றால், தப்பு அவர் சொன்ன வார்த்தைகளில் இல்லை. சொல்லாமல் விட்டதில் இருக்கிறது.

'ங்க' எங்கே போச்சு?

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கொடு' என்பது கட்டளை. 'கொடுங்க' என்றதும் அதில் பணிவு வந்துவிடுகிறது. 'கொடுங்களேன்' என்றால் கெஞ்சல் கொஞ்சம் கூடுகிறது. இதோடு 'பாட்டி', 'ஐயா', 'அக்கா' என்று ஓர் உறவு முறையையும் சேர்த்துவிட்டால், கட்டளை மாதிரி இருக்கிற வாக்கியம்கூட வீட்டுப் பேச்சாக மாறிவிடும்.

இங்கிலீஷுக்கு மாறும்போது இந்த 'ங்க' அப்படியே உதிர்ந்து போகிறது. 'கிவ்' என்ற வினைச்சொல் ராணிக்கும் ஒன்றுதான், நாய்க்குட்டிக்கும் ஒன்றுதான். ஒரு காலத்தில் அந்த மொழியிலும் 'நீ', 'நீங்கள்' இரண்டும் இருந்தன. 'தௌ' என்றால் நீ, 'யூ' என்றால் நீங்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இரண்டையும் பார்க்கலாம். 17-ம் நூற்றாண்டில் பொதுப் பேச்சிலிருந்து 'தௌ' மெள்ள மெள்ள விலகிவிட, சில வட்டார வழக்குகளிலும் பிரார்த்தனைகளிலும் மட்டும் அது தங்கியது. ஆக, இன்று இங்கிலீஷில் எல்லோருமே 'நீங்கள்'தான். எல்லோருக்கும் ஒரே சொல் என்றால், அந்தச் சொல்லை வைத்து யாருக்கும் தனியாக மரியாதை காட்ட முடியாது அல்லவா? அதனால் மரியாதை காட்டும் வேலை வேறு இடத்துக்குப் போய்விட்டது. 'குட்', 'வுட்', 'மே', 'ஷால்' ஆகிய சின்னச் சொற்கள்தான் இப்போது அந்த வேலையைப் பார்க்கின்றன.

ஆகவே அந்த வார்டில் பாட்டியிடம் சொல்ல வேண்டியது, "வுட் யூ லைக் டு ஹேவ் எ சீட்? இஸ் இட் ஆல்ரைட் இஃப் ஐ டேக் யுவர் பிளட் பிரஷர்? குட் யூ ஜஸ்ட் ரோல் அப் யுவர் ஸ்லீவ் ஃபார் மீ?" கடைசி வாக்கியத்தில் இருக்கும் 'ஜஸ்ட்' என்ற சொல்லும் 'ஃபார் மீ'யும்தான் நம் 'கொஞ்சம்'. அங்கேயே பிறந்து வளர்ந்த நர்ஸுகள் 'பாப்' என்று ஒரு சொல்லையும் அடிக்கடி பயன்படுத்துவார்கள். "கேன் யூ பாப் யுவர் ஆர்ம் அவுட் ஃபார் மீ?" கையை நீட்டுவது ஒரு பெரிய வேலையே இல்லை, சும்மா ஒரு நொடிதான் என்ற தொனி அந்தச் சொல்லில் இருக்கிறது. எந்தப் பாடப்புத்தகத்திலும் கண்ணில் படாத சொல். வார்டுக்குப் போன முதல் நாளிலேயே காதில் விழும்.

இதில் மரியாதையைத் தாண்டிய விஷயமும் ஒன்று உண்டு. 'இஸ் இட் ஆல்ரைட் இஃப் ஐ...' என்பது வெறும் நயமான பேச்சு இல்லை. நோயாளியின் உடம்பைத் தொடும் முன் அவர் சம்மதத்தைக் கேட்கும் கேள்வி அது. 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

'ப்ளீஸ்' என்ற மாயம்

"கூடவே ஒரு ப்ளீஸ் போட்டுட்டா போதும்ல?" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போதாது.

'உங்களுக்கு விருப்பமானால்' என்ற பொருள் தரும் பழைய தொடர் சுருங்கித்தான் 'ப்ளீஸ்' ஆனது. இப்போது அந்த 'விருப்பமானால்' தேய்ந்து போய், அடையாளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. "ப்ளீஸ் சிட் டௌன்" என்றால் கட்டளைக்கு மேல் ஒரு பூ வைத்த மாதிரி. கட்டளை கட்டளையாகவேதான் இருக்கிறது. வாக்கியத்தின் தொடக்கத்தில் அழுத்திச் சொன்னால், பொறுமை இழந்த டீச்சர் பேசுகிற மாதிரிகூட ஆகிவிடும். கேள்வியாக மாற்றிய பிறகு கடைசியில் சேர்த்தால்தான் அது உரிய இடத்தில் உட்காருகிறது: "குட் யூ சைன் ஹியர், ப்ளீஸ்?"

இன்னொரு பொதுவான சறுக்கல், நாம் ஒன்றை எடுத்துக் கொடுக்க முன்வரும்போது 'ப்ளீஸ்' போடுவது. "வுட் யூ லைக் சம் டீ, ப்ளீஸ்?" என்று கேட்டால், டீ உங்களுக்கு வேண்டுமா, அவருக்கு வேண்டுமா என்று எதிரில் இருப்பவர் குழம்புவார். கொடுப்பவர் 'ப்ளீஸ்' சொல்வதில்லை. வாங்குபவர்தான் "யெஸ், ப்ளீஸ்" என்பார்.

கிரேவி கதை

மொழியியல் மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சம்பவம் உண்டு. ஜான் கம்பர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1982-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதியது. பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றில் ஊழியர்களுக்கான கேன்டீன். அங்கே பரிமாறும் வேலைக்கு இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். 'இவங்க சிடுசிடுன்னு இருக்காங்க, ஒத்துழைக்கிறதில்லை' என்று மேலதிகாரிகளும் சாப்பிட வந்தவர்களும் நினைத்தார்கள். அந்தப் பெண்களோ, 'எங்களைப் பாகுபாட்டோடு நடத்துறாங்க' என்று வருந்தினார்கள்.

கம்பர்ஸ் கவனித்துப் பார்த்தார். அந்தப் பெண்கள் வாடிக்கையாளர்களிடம் பேசியதே மிகக் குறைவு. பேசிய அந்த ஓரிரு சொல்லில்தான் சிக்கல். இறைச்சி வாங்குபவரிடம், மேலே குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்க வேண்டும். அதற்கு ஒரே சொல்தான்: "கிரேவி". பிரிட்டிஷ் ஊழியர்கள் அதைக் கடைசியில் குரலை உயர்த்தி, கேள்வியாகக் கேட்டார்கள். நம் பக்கத்துப் பெண்கள் குரலைத் தாழ்த்தி முடித்தார்கள். கேட்டவர்களுக்கு, 'இது கிரேவி. வேணும்னா வாங்கிக்கோ, இல்லைன்னா போ' என்பது போலப் பட்டது.

இரண்டையும் ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டியபோது, 'ரெண்டும் ஒண்ணுதானே?' என்றுதான் அந்தப் பெண்களுக்கு முதலில் தோன்றியது. அவர்கள் மொழியில் அந்த இடத்தில் அப்படிக் கேட்பதுதான் இயல்பு. விஷயம் புரிந்த பிறகு, தங்களை ஏன் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்பதும் அவர்களுக்குப் புரிந்தது. ஒரே ஒரு சொல், அதுவும் குழம்பின் பெயர். அதைச் சொல்லும் ராகத்தில் ஒருவரின் குணமே எடை போடப்பட்டிருக்கிறது. அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயம் தினமும் எங்காவது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே வார்டில் "டீ? காபி? வாட்டர்?" என்று ஒற்றைச் சொல்லில் கேட்பவர்கள், கடைசி எழுத்தில் குரலை மேலே கொண்டுபோகப் பழகிக்கொள்ளலாம். போனில் ரெக்கார்டு செய்து கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

'வேண்டாம்' என்றால் வேண்டாமா?

நம் வீடுகளில் விருந்தாளி முதல் தடவையே "சரி, குடுங்க" என்று சொல்லிவிட மாட்டார். "எதுக்குங்க சிரமம்... வேண்டாம்" என்பார். "அட, சும்மா சாப்பிடுங்க" என்று இவர் வற்புறுத்துவார். மூன்றாவது தடவை டம்ளர் கைமாறும். எல்லோருக்கும் தெரிந்த நாடகம்.

இங்கிலீஷ் பேசும் வீட்டில் இந்த நாடகத்துக்கு இரண்டாவது காட்சி பெரும்பாலும் கிடையாது. "வுட் யூ லைக் சம்திங் டு ஈட்?" என்று கேட்பார்கள். மரியாதைக்காக "நோ, தேங்க் யூ" என்று சொன்னால், "ஓகே" என்று தட்டை எடுத்து வைத்துவிடுவார்கள். பசியோடு வீடு திரும்பிய பிறகு, 'இன்னொரு வாட்டி கேட்டிருக்கலாமே' என்று நாம் பொருமுவோம். அவர்கள் கணக்கில், இன்னொரு வாட்டி கேட்பதுதான் தொந்தரவு. பசித்தால் முதல் தடவையே "யெஸ், ப்ளீஸ். தட்'ட் பி லவ்லி" என்று சொல்லிவிடுவது வயிற்றுக்கு நல்லது.

இதில் மறைந்திருக்கும் இன்னொரு பொறி, "ஐ'ம் ஆல்ரைட்", "ஐ'ம் ஃபைன்" போன்ற பதில்கள். டீ வேண்டுமா என்று கேட்கும்போது இப்படிச் சொன்னால், 'நான் நலம்' என்று அர்த்தம் இல்லை. 'வேண்டாம்' என்று அர்த்தம்.

வார்டில் இது கொஞ்சம் சீரியஸான விஷயம். வலி மாத்திரை வேண்டுமா என்று கேட்டால், வயதான பிரிட்டிஷ்காரர்களில் சிலர், யாருக்கும் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற பழக்கத்தில், "ஐ'ம் ஆல்ரைட், லவ்" என்று சொல்லிவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்குவார்கள். மாத்திரையை எடுத்துக்கொண்டு அப்படியே நகர்ந்துவிடாமல், வேறு விதமாகக் கேட்டுப் பார்க்கலாம்: "ஷால் ஐ கம் பேக் இன் ஹாஃப் அன் அவர் அண்ட் சீ ஹௌ யூ ஆர்?" அரை மணி கழித்து வரட்டுமா என்ற கேள்விக்கு 'சரி' சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

'வுட் யூ மைண்ட்' என்று தொடங்கும் கேள்வி இதைவிடப் பெரிய வில்லங்கம். "வுட் யூ மைண்ட் மூவிங் யுவர் பேக்?" என்றால், 'பையை நகர்த்துவதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?' என்று பொருள். அவசரத்தில் "யெஸ்" என்று சொன்னால், 'ஆமாம், ஆட்சேபணை உண்டு' என்று ஆகிவிடும்! "நாட் அட் ஆல்" என்பதே சரியான பதில். வாய் குழறினால், "ஷ்யூர்" என்று சொல்லிப் பையை நகர்த்திவிட்டால் போதும். யாரும் இலக்கணம் பார்க்கப் போவதில்லை.

இறந்த காலம் எதுக்கு?

'கேன்' என்பதைவிட 'குட்' பணிவானது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஏன் என்று பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். 'குட்', 'வுட்' எல்லாம் இறந்தகால வடிவங்கள். இப்போதைய விஷயத்தை இறந்தகால வடிவத்தில் கேட்டால் அது சற்றுத் தள்ளி நிற்கிறது. எதிராளிக்கு 'முடியாது' என்று சொல்ல இடம் கிடைக்கிறது.

இது நமக்குப் புதுசு ஒன்றும் இல்லை. கடன் கேட்கப் போகிறவர், "பணம் குடுங்க" என்றா ஆரம்பிக்கிறார்? "உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கலாம்னு வந்தேன்..." என்று இறந்தகாலத்தில்தான் தொடங்குவார். வந்தவர் இன்னும் எதிரில்தான் நிற்கிறார். தெரியாத வீட்டுத் திண்ணையில் நின்று "தண்ணி கிடைக்குமா?" என்று கேட்பதும் இதே ரகம். கொடுக்கிறவரைச் சுட்டாமல், தண்ணீரை மட்டும் கேட்கிறோம்.

கேட்கும் உதவி பெரிதாகப் பெரிதாக வாக்கியமும் நீளும். உப்பை எடுத்துத் தரச் சொல்ல, "கேன் யூ பாஸ் த சால்ட்?" போதும். தீபாவளிக்கு உங்கள் டியூட்டியைச் சக ஊழியர் பார்க்க வேண்டும் என்றால், "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஸ்வாப் ஷிஃப்ட்ஸ் வித் மீ" என்று சுற்றித்தான் வர வேண்டும். கடைசியில் "நோ வொரீஸ் இஃப் நாட்" என்று ஒரு வாசலையும் திறந்து வைக்க வேண்டும். அதை உப்புக்குப் பயன்படுத்தினால் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொள்வார்கள். வழக்கமாக 'வா, போ' என்று பேசும் மனைவி திடீரென்று "வாங்க, உட்காருங்க" என்றால் கணவருக்கு வயிற்றைக் கலக்குமே, அந்த மாதிரி.

எதிராளிக்கு லாபம் என்றால் கணக்கு தலைகீழ். ஜெஃப்ரி லீச் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1983-லேயே இதை விளக்கியிருக்கிறார். கேட்பவருக்குச் சிரமம் தரும் விஷயத்தைக் கட்டளையாகச் சொன்னால் முரட்டுத்தனம். அவருக்கு நன்மை தருவதைக் கட்டளையாகச் சொன்னால் பாசம். அதனால்தான் "யூ மஸ்ட் ட்ரை திஸ் கேக்" என்பது அதட்டல் இல்லை, உபசரிப்பு. நம் ஊர்ப் பத்திரிகையைக் கையில் கொடுத்து, "குடும்பத்தோட கண்டிப்பா வந்துடணும்" என்று சொல்வதும் இதேதான்.

அழைப்பு என்றதும் ஓர் எச்சரிக்கை. "யூ மஸ்ட் கம் ரௌண்ட் ஸம்டைம்" என்று ஒருவர் சொன்னால் டைரியைத் திறக்காதீர்கள். நம் "ஒருநாள் வீட்டுக்கு வாங்க"தான் அது. கிழமையும் நேரமும் சொன்னால்தான் அழைப்பு: "ஆர் யூ ஃப்ரீ ஆன் சாட்டர்டே?" கல்யாண அழைப்பிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் நாற்காலி. கீழே 'ஆர்.எஸ்.வி.பி.' என்று இருந்தால், வருவதையும் வராததையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். போக முடியவில்லை என்றால், "ஐ'ட் லவ் டு, பட்..." என்று தொடங்கிக் காரணம் சொன்னால் யாரும் வருந்த மாட்டார்கள்.

லீவ் லெட்டர் இங்கிலீஷ்

'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...' நம்மில் பலரும் முதன்முதலில் இங்கிலீஷில் எழுதிய கோரிக்கை இதுவாகத்தான் இருக்கும். வயிற்று வலிக்கும் அதே ஃபீவர்தான், அத்தை கல்யாணத்துக்கும் அதே ஃபீவர்தான். அந்த நடை நம்மை விட்டுப் போகவே இல்லை. ஆபீஸ் மெயிலிலும் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று தொடர்கிறது. இது தவறான இங்கிலீஷ் இல்லை. பிரிட்டிஷ்காரர்களே முன்பு எழுதியதுதான். அவர்கள் கைவிட்டுவிட்டார்கள், நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். அங்கே இன்று படிப்பவருக்கு அது பழைய கச்சேரிக் காகிதம் மாதிரி இருக்கும். என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பதும் அதில் இருக்காது. "குட் யூ செண்ட் மீ த ஃபார்ம் பை தர்ஸ்டே, ப்ளீஸ்?" என்ற ஒரு வரியில் இரண்டும் இருக்கின்றன.

பெயர் சொல்லுங்க, பெயர் கேளுங்க

2013 ஆகஸ்டில் கேட் கிரேஞ்சர் என்ற இங்கிலாந்து டாக்டர், நோயாளியாக ஆஸ்பத்திரி படுக்கையில் இருந்தார். வயது முப்பதைத் தொடும் முன்பே வந்த புற்றுநோய், குணமாகாத கட்டத்தில் இருந்தது. தன்னிடம் வந்து போகும் ஊழியர்கள் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். 'ஹலோ, மை நேம் இஸ்' என்ற பிரசாரத்தைக் கணவருடன் சேர்ந்து தொடங்கினார். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். முழுக்க அது பரவியது. 2016-ல், 34 வயதில் அவர் இறந்தார். அந்த வாசகம் பொறித்த பேட்ஜை இன்றும் வார்டுகளில் பார்க்கலாம்.

பெயர் சொல்லியாயிற்று. நோயாளியை எப்படிக் கூப்பிடுவது? 'கிராண்ட்மா' என்று கூப்பிட்டால் அங்கே சிரிப்பார்கள், அல்லது முறைப்பார்கள். 'டார்லிங்', 'ஸ்வீட்டி' என்று நர்ஸ் அழைப்பதும் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. கேட்டுவிடுவதே நல்லது: "வாட் வுட் யூ லைக் மீ டு கால் யூ?" கூடவே ஒரு தகவல். நம் ஊரில் எல்லா நர்ஸும் 'சிஸ்டர்'தான். அங்கே 'சிஸ்டர்' என்பது வார்டு பொறுப்பாளரின் பதவிப் பெயர்.

வெளிநாடு கிளம்பும் நர்ஸுகள் பலர் எழுதும் ஓ.இ.டி. தேர்விலும் இதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. பேச்சுப் பகுதியில் இரண்டு ரோல் பிளே. ஒவ்வொன்றுக்கும் தயாராக 3 நிமிடம், பேச சுமார் 5 நிமிடம். உச்சரிப்பையும் இலக்கணத்தையும் மட்டும் பார்ப்பதில்லை. நோயாளியிடம் எப்படி உறவை ஏற்படுத்திக்கொள்கிறார், அவர் கவலையைக் காது கொடுத்துக் கேட்கிறாரா என்றும் பார்க்கிறார்கள்.

பணிவு ஆபத்தாகும் இடம்

இவ்வளவு படித்த பிறகு, எல்லா இடத்திலும் 'குட் யூ', 'வுட் யூ' போட்டால் போதும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1982 ஜனவரி 13-ல் வாஷிங்டனில் பனிப்பொழிவுக்கு நடுவே கிளம்பிய ஏர் ஃபுளோரிடா விமானம், சில நொடிகளிலேயே பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்த 4 பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். கருவி காட்டும் அளவு சரியாக இல்லையே என்று துணை விமானி ஓட்டத்தின்போதே சொல்லிப் பார்த்தார். ஆனால் 'நிறுத்துங்கள்' என்று சொல்லவில்லை. விமானி அறைகளில் கீழே இருப்பவர்கள் மேலதிகாரியிடம் எப்படிப் பூசி மெழுகிப் பேசுகிறார்கள் என்று சார்லட் லிண்டே என்ற மொழியியலாளர் பின்னர் ஆராய்ந்தார்.

ஆஸ்பத்திரியும் அப்படிப்பட்ட இடம்தான். அதனால் படிப்படியாகக் குரலை உயர்த்த மூன்று வாக்கியங்களைப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பதுண்டு. முதலில் "ஐ ஆம் கன்சர்ண்ட்" - எனக்குக் கவலையாக இருக்கிறது. கேட்கவில்லை என்றால், "ஐ ஆம் அன்கம்ஃபர்டபிள்" - இது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கும் அசையவில்லை என்றால், "திஸ் இஸ் எ சேஃப்டி இஷ்யூ." இதில் 'குட்'டும் இல்லை, 'வுட்'டும் இல்லை. 'டாக்டர் சாரை எதிர்த்துப் பேசக் கூடாது' என்று பழகிய நாக்குக்கு, நூறு 'வுட் யூ லைக்' கற்றுக்கொள்வதைவிட இந்த மூன்று வாக்கியங்கள்தான் கஷ்டம். மாரடைப்பு வந்த நோயாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாரும் "வுட் யூ மைண்ட் ஹெல்பிங் மீ?" என்று கேட்பதில்லை. "கெட் ஹெல்ப்! நௌ!" அவ்வளவுதான்.

கடைசியாக, போன முதல் வாரத்தில் எல்லோரையும் குழப்பும் ஒரு கேள்வி. காலையில் சக ஊழியர் எதிரில் வந்து, "யூ ஆல்ரைட்?" என்பார். 'நம்ம முகம் அவ்வளவு வாடிப் போயிருக்கா?' என்று பதறி, தலைவலி, தூக்கமின்மை, குளிர் என்று சொல்லத் தொடங்கினால், பாவம், அவர் நின்று கேட்க நேரமில்லாமல் தவிப்பார். அது விசாரிப்பு இல்லை, வணக்கம். "யெஸ், யூ?" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிடலாம். நம் ஊரில் ஒருவர் "சாப்டாச்சா?" என்று கேட்டதும், "இன்னும் இல்லையே" என்று அவர் வீட்டு வாசலில் போய் நாம் நிற்பதில்லையே!